பள்ளிக்கூடத்துக் கிணறு

"யாருமே படிக்காத புத்தகத்துல நாலு வரி பொய் இருந்தா யாருக்கு மேடம் நஷ்டம்?"

கேட்டவர் தணிகாசலம். அவர் மாணவர். கேட்கப்பட்டவர் தில்லைநாயகி, வேதியியல் பேராசிரியர், அவருடைய வழிகாட்டி. மாணவருக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது. ஆசிரியருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களிடையே இது சகஜம்.

தில்லைநாயகி ஆய்வகத் தொட்டியில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எந்தப் புத்தகம்?"

"பொதுவாக் கேக்கறேன்."

"இதைப் பொதுவா யாரும் கேக்கறதில்லை, சார். சொல்லுங்க."

"ஒருத்தன் இருக்கான்னு வெச்சுக்குங்க. நாயா அலைஞ்சு ஆய்வு பண்றான். கடைசியில கொஞ்சம் பாக்கி. போக முடியலை. கையில இருக்கறதை வெச்சு அந்தக் கொஞ்சத்தை ஊகிச்சு எழுதிடறான். நூலகத்துல கொண்டுபோய் வெக்கறாங்க. கறையான்கூட அதைத் திறக்கப் போறதில்லை. இதுல யார் குடி முழுகிப்போச்சு?"

"உங்க கேள்வி புரியுது."

"அப்ப பதில்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் தில்லைநாயகி. அடுத்த குடுவையை எடுத்தார்.

தணிகாசலம் ஊகித்து எழுதிய ஆள்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டதோ என்ற பயமும் அவருக்கு இருந்தது.

அவர் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அங்கே முதல்வர் நாற்காலி காலியாக இருந்தது. கல்லூரிச் செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று வந்தால் நாற்காலி இவருக்கு. வராவிட்டால் கணிதத் துறைக்காரருக்கு. கணிதத் துறைக்காரர் ஏற்கெனவே முனைவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆய்வேடு எழுதிக் கொடுக்கும் ஒரு கடை இருக்கிறது. முன்பணம் கொடுத்தால் தலைப்பையும் அவர்களே சொல்வார்கள். கணிதத் துறைக்காரர் அங்கே வாங்கியது ஊருக்கே தெரியும். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தணிகாசலம் வாங்கவில்லை. தானே எழுதினார். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

மலையடிவாரத்தில் வறண்ட ஊர்கள் சில. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், பல்லெல்லாம் காவிக்கறை. பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. எந்தக் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது, மழைக்குப் பிறகு எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்று அளப்பதுதான் ஆய்வு. கிணறு வற்ற வற்ற அளவு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

மழைக்குப் பிறகு எல்லாக் கிணறுகளுக்கும் போனார். வண்டியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து போனார். கோடையில் பாதிக்கு மேல் போனார். தொலைவில் இருந்த சிலவற்றுக்குப் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி வந்தது, மகளின் சேர்க்கை வந்தது, வெயில் வேறு. ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கிணறுகளின் கோடை எண்களை எழுதினார். நியாயமான எண்கள். அடக்கமான எண்கள்.

அந்த ஆய்வேடுதான் இப்போது ஆய்வக மேசையில், வழிகாட்டியின் கையெழுத்துக்காக இருந்தது.

"மென்பொருள்ல போட்டுப் பார்த்தாச்சு மேடம். எங்கேருந்தும் எடுக்கலைன்னு சான்றிதழ் வந்துடுச்சு. சுத்தமா வந்திருக்கு."

"வரும். இதுல இருக்கற சில எண் உலகத்துல வேற எங்கேயும் கிடைக்காது."

தணிகாசலம் சிரிக்கலாமா என்று யோசித்தார். தில்லைநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"ஊசிக்கல்பட்டி, பள்ளிக்கூடத்துக் கிணறு. வெயில்ல போனீங்களா, சார்?"

"போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தண்ணி கீழ கிடந்தது. கயிறு பத்தலை."

தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

தணிகாசலம் ஆடிப்போனார். அவர் பேசுவதற்கு நிறையத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். சந்தேகமான கிணறுகளை நீக்கிவிடலாம் என்று ஒரு படி இறங்குவது. தலைப்பை மாற்றலாம் என்று இன்னொரு படி. அடுத்த கட்டுரையில் மேடம் பெயரை முதலில் போடலாம் என்று கடைசிப் படி. ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சந்தையில் சொன்ன விலைக்கு ஒருவன் மறுபேச்சில்லாமல் சரி என்றால், விற்றவனுக்குத்தான் சந்தேகம் வரும்.

"நம்பிட்டீங்களா, மேடம்?"

"போனேன்னு சொன்னீங்க. என் கையெழுத்து அதுக்குக் கீழதான்."

மாதங்கள் போயின. வெளியூர்த் தேர்வாளர்களின் அறிக்கைகள் நல்லபடியாக வந்தன. பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள்.

பொது என்றால் பொதுதான். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எழுந்து கேள்வி கேட்கலாம். விதி அப்படி. வருகிறவர்கள் யார் என்பது வேறு விஷயம். துறை மாணவர்கள் வருவார்கள், சாப்பாடு இருக்கும் என்பதால். அவர்கள் கையில் முந்தின நாளே கேள்விச் சீட்டு கொடுக்கப்பட்டிருக்கும். சீட்டில் இருப்பதை அவர்கள் கேட்பார்கள், மனப்பாடம் செய்ததை ஆய்வாளர் சொல்வார், கைதட்டுவார்கள். எல்லாத் துறையிலும் இதுதான் நடைமுறை. இதைத் தப்பு என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றியதில்லை.

தணிகாசலம் வழிகாட்டியிடம் ஏற்பாடுகளைச் சொன்னார்.

"தேர்வாளருக்குக் குத்துவிளக்கு வாங்கியிருக்கேன், மேடம். பித்தளைதான்."

"வேணாம்."

"எல்லாரும் கொடுக்கறாங்களே. நான் மட்டும் வெறுங்கையோட நின்னா என்ன நினைப்பார்?"

"வெறுங்கையோட நிக்கறீங்கன்னு நினைப்பார்."

"சரி, சால்வையாவது."

"சால்வையும் வேணாம்."

"சாப்பாடு? வடை பாயசத்தோட சொல்லியாச்சு. அதையும் வேணாம்னா என்னை ஊரை விட்டே துரத்திடுவாங்க."

"சாப்பாடு இருக்கட்டும். பசிக்கும்."

மூன்று கேட்டு ஒன்று கிடைத்தது. தணிகாசலத்துக்கு அது நல்ல கணக்காகவே பட்டது.

"அறிவிப்பு எல்லாத் துறைக்கும் போயிடுச்சா, மேடம்?"

"போயிடுச்சு. கிணறு இருக்கற ஊராட்சிகளுக்கும் அனுப்பினேன். சுருக்கத்தைத் தமிழ்ல எழுதி, எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கலாம், எது கூடாதுன்னு நீங்க சொன்னபடியே போட்டேன்."

தணிகாசலம் சிரித்துக்கொண்டார்.

"அவங்க எதுக்கு மேடம் பஸ் ஏறி வரப்போறாங்க?"

"வரமாட்டாங்கதான்" என்றார் தில்லைநாயகி. "இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை."

தேர்வு நாளில் கூடம் நிறைந்திருந்தது. தேர்வாளர் வந்துவிட்டார். தூய வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம், மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். தணிகாசலம் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். நன்றாகவே பேசினார். வகுப்பெடுத்துப் பழகிய குரல்.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசைப் பையன் எழுந்து உள்ளங்கையைப் பார்த்துக் கேட்டான். தணிகாசலம் பதில் சொன்னார். அடுத்து ஒரு பெண். அவளுக்கும் சொன்னார். மூன்றாவது ஆள் அவசரப்பட்டுவிட்டான். முதல் பையன் கேட்டதையே வரி மாறாமல் கேட்டான். ஒரே சீட்டு இரண்டு பேருக்குப் போயிருக்கிறது.

"நல்ல கேள்வி" என்றார் தணிகாசலம், பழக்கத்தில். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். தேர்வாளர் கூரையைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் சீட்டு கொடுத்தவர்தான்.

"வேற கேள்வி?" என்றார் தில்லைநாயகி.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

கதவோரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தார். கட்டான உடம்பு, நூல் சேலை, தோளில் துணிப்பை. பக்கத்தில் இருந்த ஆணும் கூடவே எழுந்தார்.

"நீங்க?"

"ஊசிக்கல்பட்டிங்க. மாதம்மாள். ஊராட்சித் தலைவர்."

தேர்வாளர் பழக்கமாக ஆணைப் பார்த்து, "சொல்லுங்க தலைவரே" என்றார்.

"தலைவர் நானுங்க. அவரு தலைவரோட வீட்டுக்காரர். நீ உக்காரு."

அவர் உட்கார்ந்தார். கூடம் சிரித்தது. மாதம்மாள் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"சார் எழுதினதை மேடம் அனுப்பியிருந்தாங்க. ஊர்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். எங்க பழைய போர்த் தண்ணி கெடுதல்னு இருக்குது. சரிதான், அதுல கெட்டவங்கதான் நாங்க. பள்ளிக்கூடத்துக் கிணறு மழையிலயும் நல்லது, வெயில்லயும் நல்லதுன்னு இருக்குது. அதனால போரை மூடிட்டு, ஊர் முழுக்க அந்தக் கிணத்துலேருந்தே பைப்பு போட்டுடலாம்னு தீர்மானம் பண்ணியிருக்கோம். மானியம் வந்துடுச்சு. மேடம்தான் போன்ல சொன்னாங்க, சாரை ஒரு வார்த்தை நேர்ல கேட்டுக்கிட்டு ஆரம்பிங்கன்னு. அதான் வந்தேன். ஆரம்பிச்சுடலாங்களா, சார்?"

தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

"ஆய்வின் முடிவுகளின்படி, பருவகால மாற்றங்களைக் கணக்கில் கொண்டால்..."

"அதெல்லாம் எனக்கு ஏறாதுங்க. ஊருக்கு யார் யாரோ வந்து போட்டோ புடிச்சுட்டுப் போவாங்க. கிணத்துல இறங்கித் தண்ணி மொண்டவர் நீங்க ஒருத்தர்தான். மழை பெய்யறப்ப வந்தீங்க, எங்க ஊட்டுத் தாழ்வாரத்துலதான் நின்னீங்க. நனைஞ்சுபோயிருந்தீங்க. டீ வேணாம்னுட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"வெயில்ல வந்தப்ப நான் பார்க்கலை. எங்க அக்கா ஊர்ல திருவிழா. அங்க போயிருந்தப்ப வந்துட்டுப் போயிட்டீங்கபோல. இருந்திருந்தா மோராச்சும் குடுத்திருப்பேன்."

கூடத்தில் யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீட்டுப் பையன்கள் சமையல் வாசனை வரும் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

தணிகாசலம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். அந்த அம்மாளே அவருக்காக ஒரு காரணம் கண்டுபிடித்து, அதற்குத் தன் மேலேயே குற்றமும் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

அவர் தில்லைநாயகியைத் தேடினார். வழிகாட்டி மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அம்மா" என்றார் தணிகாசலம். "வெயில்ல நான் வரலை."

"என்னங்க?"

"நீங்க என்னைப் பார்க்காதது அக்கா ஊருக்குப் போனதுனால இல்லை. நான் வரவே இல்லை. அந்த எண்ணை நானாப் போட்டேன். உங்க கிணறு மட்டுமில்லை, இன்னும் சில கிணறும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்த தேர்வாளர் நிமிர்ந்தார். பேனாவை மூடினார். மேசையில் இருந்த பரிந்துரைத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்ப்பதற்கு முன் அதில் பாதி எழுதியிருந்தார்.

"மேடம், நான் இதைத் தொடர முடியாது" என்றார் தில்லைநாயகியிடம், தாழ்ந்த குரலில். "உங்க கையெழுத்தும் இதுல இருக்கு. அதையும் நான் எழுதியாகணும்."

"எழுதுங்க" என்றார் தில்லைநாயகி. "எனக்கு இனிப் புது மாணவர் வேணாம்னு சொன்னாலும் சரிதான். முதல்ல என்னைப் பத்தி எழுதிடுங்க."

கூடத்தில் பேச்சு கிளம்பியது. இந்த மனுஷனுக்கு என்ன பைத்தியமா என்றது ஒரு குரல். சாப்பாடு உண்டா இல்லையா என்று கேட்டது இன்னொன்று.

மாதம்மாள் இன்னும் உட்காரவில்லை.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். இப்ப எந்தக் கிணத்துலேருந்து பைப்பு போடறது?"

கூடம் தணிகாசலத்தின் பக்கம் திரும்பியது.

"எனக்கு அது தெரியணுமில்லைங்களா? வரலைன்னு சொல்லிட்டீங்க. சரி. எப்ப வருவீங்க? வெயில் இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குது. மழை புடிச்சுட்டா அப்புறம் அடுத்த வருஷம்தான். பைப்பு போடற ஆளை நான் நிறுத்தி வெச்சுக்கறேன். மானியத்துக்குப் பதில் சொல்லிக்கறேன். நீங்க எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

தணிகாசலம் திரையில் இருந்த கடைசிப் படத்தை அணைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மாதம்மாள். "சாப்பாடு இருக்குதுன்னாங்க. நாங்க சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் இருப்போம். பஸ் நாலு மணிக்குத்தான்."

கூடம் காலியாயிற்று. வெளியே இலை போடும் சத்தம் கேட்டது. தேர்வாளர் சாப்பிடாமல் ரயிலுக்குப் போய்விட்டார். தணிகாசலம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தில்லைநாயகி திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தலையாட்டியிருந்தா இந்நேரம் நான் டாக்டர்."

"ஆமா."

"செயலாளருக்கு இதுக்குள்ள போன் போயிருக்கும். கணக்கு வாத்தியார் நாற்காலியைத் துடைச்சுக்கிட்டிருப்பான். காசு குடுத்து வாங்கினவன் உக்காரப்போறான். பாதிக்கு மேல உழைச்ச நான் தரையில."

"ஆமா."

"எதுக்கெடுத்தாலும் ஆமா ஆமான்னா என்ன அர்த்தம், மேடம்? அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாமே. கையெழுத்துப் போட மாட்டேன்னிருக்கலாமே."

"போட மாட்டேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

தணிகாசலம் யோசித்தார். பொய் சொல்ல இனி ஒரு அவசியமும் இல்லை.

"உங்களைச் சரிக்கட்டியிருப்பேன்" என்றார். "முடியலைன்னா வழிகாட்டியை மாத்தியிருப்பேன்."

தில்லைநாயகி சுருட்டிய திரையைச் சுவரோரம் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

தணிகாசலத்தின் கோபம் வடிந்து, அசதி வந்தது.

"நிஜமான எண் இருக்கற கிணத்தையாவது வெச்சுக்கிட்டு மறுபடி கொடுக்க முடியுமா?"

"கொடுக்கலாம். ஆனா எது நிஜம்னு அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எல்லாத்தையும் திரும்ப மொள்ளணும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"என்னால முடியாது, மேடம். இனி எனக்கு அந்தப் பட்டம் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். எதை வாங்கறதுக்கு நான் அந்த வெயில்ல போகணும்? பாட்டிலைக் குடுத்து ஆய்வகத்து ஆள் யாரையாவது அனுப்பிடுங்க. தண்ணி மொண்டுட்டு வர்றதுக்கு முனைவர் எதுக்கு?"

தில்லைநாயகி வந்து அவருக்குச் சற்றுத் தள்ளி மேடையில் உட்கார்ந்தார்.

"அனுப்பலாம்" என்றார். "என் ஆய்வேடு இந்த நூலகத்துலதான் இருக்கு. போன வருஷம் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டிருந்தது. நான்தான் பிரிச்சேன். அதுல ஒரு எண்கூடப் பொய் இல்லை, சார். ஆனா அதைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்லை. உங்களுக்கு ஒரு அம்மா பைப்பு வேலையை நிறுத்தி வெச்சுட்டு, வெளியில சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. நாலு மணிக்கு பஸ். அதனால வேற யாரையும் அனுப்ப வேண்டாம். நீங்க போகலைன்னா சொல்லுங்க, நான் போறேன்."